ஓய்வா, பெஞ்சா? என் பதிமூன்றாம் எண் குவார்ட்டர்பேக்குக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்

பதிமூணாம் நம்பர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். ஞாயிறு இரவுக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும், மூன்று நாளாக மனது ஒரு நிலையில் இல்லை.

தெரியாதவர்களுக்காக முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் சிமுலேஷன் லீக். கையில் கன்ட்ரோலரைப் பிடித்து ஆடுவது கிடையாது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆட்டக்காரனை உருவாக்குவோம். பெயர், உயரம், எடை, எந்த இடத்தில் ஆடுவான் என்பதெல்லாம் நம் விருப்பம். அப்புறம் வாரா வாரம் வந்து பயிற்சியில் பெயர் கொடுக்க வேண்டும், அணியைப் பற்றி எழுத வேண்டும், யார் ஜெயிப்பார்கள் என்று கணித்துச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகளைக் கை பலம், துல்லியம், ஆட்ட அறிவு, வேகம் என்று பிரித்துப் போட்டு ஆளை வளர்க்கிறோம். ஆட்டத்தை நடத்துவது கணினி. நாம் உட்கார்ந்து பார்க்க மட்டும்தான் முடியும். இந்திய நேரத்துக்கு அது திங்கள் விடியற்காலை. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது நான் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

என் ஆள் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிகிறவன். லீக் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது சேர்ந்ததால் ட்ராஃப்டில் (அணிகள் புது ஆட்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) யாரும் எடுக்கவில்லை. ஒரு அணி மூன்றாவது குவார்ட்டர்பேக்காகச் சேர்த்துக்கொண்டது. இரண்டு சீசன் முழுக்க ஒரு பந்துகூட எறியவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஆட்டக்காரனை வைத்திருந்தவர் ரொம்ப நல்ல மனிதர். எந்தப் புள்ளியை எங்கே போடுவது, எந்த வாரம் எதை எழுதினால் லாபம் என்பதையெல்லாம் அவர்தான் கற்றுக்கொடுத்தார். பிறகு அவருக்கு வேலை மாறியது. வருவது குறைந்தது, ஒரு கட்டத்தில் நின்றே போனது. அப்படித்தான் எனக்கு இடம் கிடைத்தது. அதற்கப்புறம் ஒரு கோப்பை, நடுவில் பார்க்கவே பிடிக்காத இரண்டு சீசன்கள், மறுபடி ஒரு இறுதி ஆட்டம். அதில் தோற்றோம்.

இப்போது வயது வந்துவிட்டது. எங்கள் லீக்கில் குறிப்பிட்ட சீசனைத் தாண்டினால் சேர்த்து வைத்த புள்ளிகளில் ஒரு பங்கை ஒவ்வொரு வருடமும் வெட்டுவார்கள். நாங்கள் இதைத் தேய்மானம் என்போம். வெட்டை எங்கே வாங்குவது என்று நாமே சொல்ல வேண்டும். நேற்று ராத்திரி அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை பலத்தில் கை வைத்தால் நீளமான பாஸ் போச்சு. துல்லியத்தைக் குறைத்தால் எல்லாமே போச்சு. ஆட்ட அறிவைக் குறைத்தால் எதிரணி ஓடி வருவதைக் கவனிக்க மாட்டான். கட்டத்தில் எண்ணை அழித்துச் சின்ன எண்ணைப் போடுவதும், பழையபடி மாற்றுவதுமாக ஒரு மணி நேரம் போய்விட்டது.

அதனால் கேள்வி இதுதான். ஓய்வு வாங்கிவிடலாமா? இல்லை, வெட்டை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காரலாமா? எனக்குப் பின்னால் ஒரு இளைய ஆட்டக்காரன் காத்திருக்கிறான்.

---

ஸ்கோர்போர்டு

ஓய்வு. யோசிக்கவே வேண்டாம். கோப்பை ஒன்று, இறுதி ஆட்டம் இரண்டு. ஹால் ஆஃப் ஃபேம் (சிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியல்) ஓட்டு வரும்போது எல்லோரும் சராசரியைத்தான் பார்ப்பார்கள். இன்னும் ஒரு மோசமான சீசன் சேர்ந்தால் அது கீழே இறங்கும். உச்சியில் இல்லாவிட்டாலும், கீழே விழாமல் நிற்கும்போதே போய்விடுங்கள்.

---

மஞ்சள் கொடி

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். புண்படுத்தக் கேட்கவில்லை. கணினி பகடை உருட்டுகிறது. அதில் "பெஞ்சில் காத்திருந்தான்", "மோசமான சீசன்" என்றெல்லாம் பேசுவதற்கு என்ன பொருள்? உண்மையான ஆட்டக்காரன் காத்திருக்கும்போது அவனுடைய வயது போகிறது, வாடகை கட்ட வேண்டும், மனைவி பிள்ளைக்குச் சாப்பாடு போட வேண்டும். இங்கே என்ன போகிறது?

---

பதிமூணாம் நம்பர்

நியாயமான கேள்விதான் சார். என் ஆளுக்கு ஒன்றும் போகவில்லை. எனக்குப் போயிருக்கிறது. இரண்டு சீசன் வாரா வாரம் வந்து, ஆடாத ஒருவனுக்காக எழுதியிருக்கிறேன். அந்த நேரம் என்னுடையது. அதை வீண் என்று நான் நினைக்கவில்லை.

---

இரண்டாம் வரிசை

அண்ணா, அந்தப் பின்னால் காத்திருக்கிற இளைய ஆட்டக்காரன் என்னுடையவன்தான். இந்த இழையை நான் பார்ப்பேன் என்று நினைத்தீர்களா தெரியவில்லை. 🙂 நீங்கள் கூப்பிட்டுத்தானே லீக்குக்கே வந்தேன்.

என் கருத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒரு சின்னக் கேள்வி. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. ஏன் பதிமூன்றாம் எண்? எங்கள் ஊரில் அதை ராசியில்லாத எண் என்பார்கள்.

---

பதிமூணாம் நம்பர்

தம்பி, நீ பார்ப்பாய் என்று தெரிந்துதான் பொதுவில் எழுதினேன். ஒளித்துப் பேச வேண்டிய விஷயம் இல்லை இது.

பதிமூன்று கர்ட் வார்னருக்காக. அமெரிக்காவின் பெரிய ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் அந்த எண்ணோடு ஆடிய குவார்ட்டர்பேக். அந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே ஒருவர் இருக்கிறார். அக்கா, இருக்கிறீர்களா?

---

சோளக்காடு

இருக்கிறேன் தம்பி. காலையில் பார்த்தேன், வேலை முடிந்து வந்து நிதானமாக எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே வந்த புதிதில் எனக்கு ஃபுட்பாலில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. மளிகை வாங்க ஹை-வீ கடைக்குப் போவேன். கடையில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் கர்ட் வார்னர் வந்துவிடுவார். "இதே கடை வரிசையில் ராத்திரி ஷிப்டில் அலமாரி அடுக்கினவர், தெரியுமா?" என்பார்கள். அவர் அடுக்கியது சீடர் ஃபால்ஸ் ஊரிலிருந்த கிளையில். ஆனால் அயோவாவில் எந்த ஹை-வீயில் கேட்டாலும் அது தங்கள் கடையில் நடந்தது போலத்தான் சொல்வார்கள்.

மனிதர் பிறந்தது 1971-ல், இதே மாநிலத்து பர்லிங்டனில். நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கே ஐந்தாவது வருடத்தில்தான் முதல் குவார்ட்டர்பேக்காக இடம் கிடைத்தது. அதுவரை பெஞ்ச். அந்த ஒரே வருடத்தில் அவர்கள் கான்ஃபரன்ஸின் (கல்லூரி அணிகளின் குழு) சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் ஆனார். ஆனாலும் 1994 ட்ராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. அங்கே முன்னால் நின்றது பிரெட் ஃபார்வ், மார்க் புரூனல், டை டெட்மர். மூன்று பேரைத் தாண்டி எப்படிப் போவது? அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் ஹை-வீ. மணிக்கு 5.50 டாலர். பகலில் பயிற்சி, ராத்திரியில் அலமாரி. மஞ்சள் கொடி சார் கேட்டாரே, வாடகை, சாப்பாடு என்று, அது இதுதான். பிறகு மனைவியான பிரெண்டா, முன்பு மரைன் படையில் இருந்தவர், முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். மூத்த பையன் கைக்குழந்தையாக இருக்கும்போது தலையில் அடிபட்டுப் பார்வை போனவன். இவர்களோடுதான் வார்னரின் வாழ்க்கை ஓடியது. 1996-ல் ஆர்கன்சாஸில் வந்த சூறாவளியில் பிரெண்டாவின் அப்பாவும் அம்மாவும் இறந்துபோனார்கள். இதையெல்லாம் எந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கை வலிக்கிறது. மீதியை யாராவது சொல்லுங்கள், இல்லையென்றால் நாளைக்கு வருகிறேன்.

---

பழைய கேசட்

அக்கா விட்ட இடத்திலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அரீனா ஃபுட்பால் என் பிரிவு.

1995-ல் வார்னர் டி மாய்ன் நகரத்து அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணியில் சேர்ந்தார். அரீனா ஃபுட்பால் என்பது உள்ளரங்கில் ஆடுவது. வழக்கமான மைதானம் 100 யார்டு நீளம், இதில் 50 யார்டு. பக்கத்துக்குப் பதினொரு பேருக்குப் பதிலாக எட்டுப் பேர். கோட்டுக்கு வெளியே ஓடித் தப்பிக்க இடமே இல்லை, மெத்தை வைத்த சுவர் நிற்கும். கோல் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் வலை கட்டியிருப்பார்கள். பந்து அதில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடரும்.

இவ்வளவு சின்ன இடத்தில் குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. வாங்கினதும் எறிய வேண்டும். இரண்டு அடி பின்னால் எடுத்து வைப்பதற்குள் யார் எங்கே ஓடுகிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். வார்னர் அங்கே மூன்று சீசன் ஆடினார். 1996, 1997 இரண்டு வருடமும் அணியை அரீனா பவுல் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார், இரண்டிலும் தோல்வி. பின்னால் செயின்ட் லூயிஸ் ராம்ஸில் அவர் பந்தை விடுகிற வேகத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அந்த வேகம் டி மாய்னில் சுவருக்கும் வலைக்கும் நடுவில் வந்தது.

நடுவில் சிகாகோ பேர்ஸ் ஒரு சோதனைக்குக் கூப்பிட்டது. தேனிலவுக்குப் போன இடத்தில் சிலந்தி கடித்து, எறிகிற கையின் முழங்கை வீங்கிவிட்டது. போக முடியவில்லை. அப்புறம் 1998-ல் என்எஃப்எல் யூரோப் லீக்கில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணி. அந்த லீக்கில் அந்த வருடம் அதிக யார்டும் அதிக டச்டவுனும் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) எறிந்தவர் அவர்தான். அங்கிருந்து ராம்ஸ் அணியின் மூன்றாவது குவார்ட்டர்பேக். அந்த சீசனில் மொத்தம் 11 பாஸ் எறிந்து 4 சேர்ந்தது, 39 யார்டு.

மேடன் என்ற ஃபுட்பால் வீடியோ கேமில் நான் பல வருடம் ஃபிரான்சைஸ் மோட் (ஒரே அணியைப் பல சீசன் நடத்துவது) ஆடியிருக்கிறேன். அதில் சில சீசன் கடந்தால் நிஜ ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஓய்வு பெற்று, கணினி உருவாக்கிய கற்பனைப் பெயர்கள் மட்டும் மிச்சம் இருக்கும். ட்ராஃப்டில் யாரும் எடுக்காத, 27 வயதுக்கு மேற்பட்ட, மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவனை நான் ஒருமுறைகூட அணியில் வைத்துக்கொண்டதில்லை. அடுத்த ஆளுக்கு இடம் வேண்டும் என்று ஒரே அழுத்தில் வெளியே அனுப்பியிருக்கிறேன். வார்னர் கதையை முழுசாகப் படித்த அன்றைக்கு எனக்கு அது நெஞ்சில் குத்தியது.

---

ஸ்கோர்போர்டு

கிளீவ்லாண்ட் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். 1999-ல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் புது அணியாகத் திரும்ப வந்தபோது மற்ற அணிகள் தங்களிடம் இருக்கிற சிலரை எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டியல் கொடுத்தன. ராம்ஸ் கொடுத்த பட்டியலில் வார்னர் பெயர் இருந்தது. பிரவுன்ஸ் எடுக்கவில்லை. அதாவது அவர் இருந்த அணிக்கும் அவர் கட்டாயம் இல்லை, ஆளே இல்லாத அணிக்கும் வேண்டாம்.

ஏழு மாதம் கழித்து அதே 1999 சீசன்: 4,353 யார்டு, 41 டச்டவுன், 13 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. முந்தின வருடம் 4-12 (4 வெற்றி, 12 தோல்வி) என்று கிடந்த அணி 13-3. எண்களை மட்டுமே நம்புகிற எனக்கே இந்த இரண்டு பத்தியையும் அடுத்தடுத்துப் படித்தால் கை நடுங்குகிறது.

---

மஞ்சள் கொடி

இதற்கு நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார், அவரைத் தாண்டிப் போகாதீர்கள். டிரென்ட் கிரீன்.

1999-ல் ராம்ஸ் முதல் குவார்ட்டர்பேக்காகக் கொண்டுவந்தது அவரைத்தான். செயின்ட் லூயிஸ் பகுதியில் பள்ளிக்கூடம் படித்தவர், சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தார். மார்ஷல் ஃபாக்கை கோல்ட்ஸ் அணியிடமிருந்து வாங்கியிருந்தார்கள். டோரி ஹோல்ட்டை ட்ராஃப்டில் ஆறாவதாக எடுத்திருந்தார்கள். ஐசக் புரூஸ் ஏற்கனவே இருந்தார். மைக் மார்ட்ஸ் போட்ட தாக்குதல் திட்டம். எல்லாம் கிரீனுக்காகத் தயார். ஆகஸ்டில், கணக்கில் சேராத ஒரு பயிற்சி ஆட்டத்தில், சார்ஜர்ஸ் அணியின் ராட்னி ஹாரிசன் மோதியதில் கிரீனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. சீசன் முடிந்தது. பயிற்சியாளர் டிக் வெர்மீல் பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதார். கர்ட் வார்னரோடு சேர்ந்து நிற்போம், நல்ல ஃபுட்பால் ஆடுவோம் என்று அழுகைக்கு நடுவில் சொன்னார்.

எல்லோரும் இந்தக் கதையை வார்னர் பக்கமிருந்து சொல்கிறார்கள். நான் எப்போதும் அந்த இன்னொரு மனிதரை நினைப்பேன். தனக்காகப் போட்ட மேடையில் வேறொருவர் ஏறி உலகத்தையே ஜெயித்ததை ஊன்றுகோலோடு நின்று பார்த்தவர். அவர் உடைந்துபோகவில்லை. 2001-ல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்குப் போனார். 2003 முதல் 2005 வரை மூன்று சீசன் தொடர்ந்து 4,000 யார்டைத் தாண்டினார், இரண்டு முறை புரோ பவுலுக்கு (சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து நடத்தும் ஆட்டம்) தேர்வானார்.

பதிமூணாம் நம்பர் சொன்னதில் எனக்குப் பிடித்த வரி எது தெரியுமா? தனக்கு முன்னால் நின்றவரைப் பற்றி எழுதியது. முதலில் நான் கேட்ட கேள்வியை முழுசாகத் திரும்ப வாங்கவில்லை, ஆனால் பாதி வாங்கிக்கொள்கிறேன்.

---

இரண்டாம் வரிசை

நான் 1999 சீசனின் சூப்பர் பவுலை, அதாவது என்எஃப்எல் இறுதி ஆட்டத்தை, யூடியூபில்தான் பார்த்தேன். கடைசி முயற்சியில் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் பிடித்தார்களே, அதுதானே?

---

பழைய கேசட்

அதேதான் தம்பி. 2000 ஜனவரி 30, அட்லாண்டா. எதிரணி டென்னசி டைட்டன்ஸ். ராம்ஸ் 16-0 என்று முன்னால் இருந்து, கடைசிக் கால்பகுதியில் 16-16 ஆகிவிட்டது. இரண்டு நிமிடம் சொச்சம் மிச்சம். அடுத்த முதல் முயற்சியிலேயே வார்னர் வலது பக்கம் ஐசக் புரூஸுக்கு நீளமாக எறிந்தார். எறிகிற நொடியில் ஜெவான் கியர்ஸ் மேலே வந்து விழுகிறார். பந்து கொஞ்சம் குட்டையாகப் போகிறது. புரூஸ் நின்று, திரும்பி, பிடித்து, உள்பக்கமாக வெட்டி ஓடுகிறார். 73 யார்டு. வார்னர் தரையில் கிடந்தார், அந்த ஓட்டத்தை அவர் பார்க்கவே இல்லை.

அப்புறம் டைட்டன்ஸ் 10 யார்டு கோடுவரை வந்துவிட்டது, ஆறு வினாடி. ஸ்டீவ் மெக்னேர் எறிய, கெவின் டைசன் பிடித்துக் கையை நீட்டுகிறார். ராம்ஸ் தடுப்பாட்டக்காரர் மைக் ஜோன்ஸ் அவர் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. ஒரு யார்டு. 23-16. வார்னர் அன்றைக்கு எறிந்த 414 யார்டு அப்போது சூப்பர் பவுல் சாதனை.

உங்கள் லீக்கில் ஒரே ஆட்டத்தை நூறு தடவை ஓட்டிப் பார்க்கலாம், நூறு முடிவு வரும். அட்லாண்டாவில் ஒரு தடவைதான் ஓடியது. அந்த ஒரு யார்டை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

---

ஸ்கோர்போர்டு

இதற்கு ஒரு திரும்புகாட்சி உண்டு. 2001-ல் வார்னருக்கு இரண்டாவது முறை சிறந்த ஆட்டக்காரர் விருது, 4,830 யார்டு, அணி 14-2. சூப்பர் பவுலில் எதிரே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அவர்கள் குவார்ட்டர்பேக் யார்? 2000 ட்ராஃப்டில் 199-வதாக எடுத்த டாம் பிரேடி. அந்த சீசனின் இரண்டாவது ஆட்டத்தில் டிரூ பிளெட்சோ அடிபட்டதால் உள்ளே வந்தவர். அடிபட்டவர் இடத்துக்கு வந்த ஒருவரை, அடிபட்டவர் இடத்துக்கு வந்த இன்னொருவர் 20-17 என்று ஜெயித்தார்.

---

சோளக்காடு

வந்துவிட்டேன். எல்லோரும் ஏறுமுகத்தைச் சொல்லிவிட்டீர்கள். தம்பியின் கேள்விக்குப் பதில் அதில் கிடையாது. இறங்குமுகத்தில்தான் இருக்கிறது.

2002-ல் வார்னர் தொடங்கிய ஆறு ஆட்டத்திலும் தோல்வி. மூன்று டச்டவுன், பதினொரு இன்டர்செப்ஷன், எறிகிற கையில் விரல் முறிவு. 2003 முதல் ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸோடு பந்தை ஆறு முறை கைநழுவ விட்டார். தலையிலும் அடி. அத்தோடு மார்க் பல்ஜர் கையில் இடம் போனது. 2004-ல் ராம்ஸ் விட்டுவிட்டது. ஜயன்ட்ஸ் எடுத்தது. எதற்கு? ஈலை மானிங் என்ற புதுப் பையன் தயாராகும்வரை இடத்தைப் பார்த்துக்கொள்ள. ஒன்பது ஆட்டத்தைத் தொடங்கினார், ஐந்து வெற்றி. தோற்றதைவிட ஜெயித்த ஆட்டம் அதிகமாக இருந்தபோதே பையனிடம் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார்.

அடுத்து அரிசோனா கார்டினல்ஸ். அங்கேயும் அதே கதை. 2006-ல் மேட் லைனார்ட்டை ட்ராஃப்டில் பத்தாவதாக எடுத்தார்கள், வார்னர் மறுபடி பெஞ்ச். 35 வயது. நான் அந்த வருடங்களில் அவருடைய ஆட்டத்தை விடாமல் பார்த்தவள். இரண்டு கையிலும் கையுறை போட ஆரம்பித்தார். மற்ற குவார்ட்டர்பேக்குகள் நல்ல வெயிலில் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. வெறும் கையில் பந்து பிடிமானம் நிற்கவில்லை, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். தம்பி, நீ அந்தக் கட்டத்தில் எண்ணை அழித்து அழித்துப் போட்டதாக எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் கையுறைதான் ஞாபகம் வந்தது. போனது போகட்டும், மிச்சத்தை எதைக் கொண்டு பிடித்து நிறுத்துவது என்று பார்த்திருக்கிறார்.

2007-ல் லைனார்ட்டுக்குக் காரை எலும்பு முறிந்தது. வார்னர் உள்ளே வந்தார். 2008-ல் போட்டி போட்டு இடத்தை வாங்கினார். 4,583 யார்டு, 30 டச்டவுன், சூப்பர் பவுல்வரை போனார்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸோடு 27-23 தோல்வி, கடைசி 35 வினாடியில் போனது. முதல் பாதி முடிகிற நேரத்தில் அவர் எறிந்த பந்தை ஜேம்ஸ் ஹாரிசன் பிடுங்கி 100 யார்டு ஓடியதை நான் இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்.

2010 ஜனவரி 10. பேக்கர்ஸோடு பிளே-ஆஃப். 1994-ல் வேண்டாம் என்று அனுப்பிய அதே பேக்கர்ஸ். 33 பாஸ் எறிந்து 29 சேர்ந்தது, ஐந்து டச்டவுன். சேராத பாஸைவிட டச்டவுன் அதிகம்! 51-45. அடுத்த ஆட்டத்தில் செயின்ட்ஸோடு படுதோல்வி, பலமான ஒரு அடி. அந்த மாதக் கடைசியில், ஒப்பந்தத்தில் ஒரு வருடம் மிச்சம் இருக்கும்போதே, 38 வயதில் ஓய்வை அறிவித்தார். 2017-ல் ஹால் ஆஃப் ஃபேம். அரீனா ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமிலும் புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமிலும் ஆட்டக்காரராக இடம்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

ஸ்கோர்போர்டு தம்பி சராசரி இறங்கும் என்றார். 2003-லேயே வார்னர் போயிருந்தால் சராசரி நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கையுறை இருந்திருக்காது. பேக்கர்ஸ் ஆட்டம் இருந்திருக்காது.

---

ஸ்கோர்போர்டு

அக்கா, நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஒன்று. வார்னர் பெஞ்சில் இருந்தபோதும் தன்னால் முடியும் என்று நம்பினார். பதிமூணாம் நம்பருக்குத் தேய்மானம் வருடா வருடம் கூடத்தான் போகிறது, விதியிலேயே எழுதியிருக்கிறது. அவருக்கு 2008 வராது. சிமுலேஷனில் இரண்டாவது இளமை கிடையாது. அதனால் வார்னரை வைத்து அவரை ஆசைகாட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

---

பழைய கேசட்

இது முக்கியமான வித்தியாசம். இன்னொன்றும் உண்டு. இந்த லீக்கில் வாரா வாரம் வந்தால் வளரலாம், வந்தவருக்குப் பலன் நிச்சயம். நிஜத்தில் அந்த நிச்சயம் இல்லை. வார்னரைப் போலவே ராத்திரி வேலை பார்த்துப் பகலில் பந்து எறிந்த எத்தனையோ பேருக்கு எந்த அணியிடமிருந்தும் தொலைபேசி வரவே இல்லை. அந்த வகையில் நீங்கள் ஆடுகிற விளையாட்டு நிஜத்தைவிடக் கருணையானது. கடைசியில் மட்டும் நிஜத்தைவிடக் கறாரானது.

---

இரண்டாம் வரிசை

அண்ணா, இப்போது என் கருத்து.

எனக்காக நீங்கள் போக வேண்டாம். அதே நேரம் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று சீசனாகக் காத்திருக்கிறேன், ஆட வேண்டும் என்று ரொம்ப ஆசையாக இருக்கிறது. போன சீசன் அரையிறுதியில் நீங்கள் எறிந்த மூன்றாவது இன்டர்செப்ஷனைப் பார்த்தபோது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இப்போது என்னைக் கூப்பிடுவார்களா என்று நினைத்தேன். அப்புறம் ராத்திரி முழுக்க எனக்கே பிடிக்கவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் உங்களோடு ஒரே அணியில் இருக்க முடியாது.

நீங்கள் இருந்தால் எனக்குப் பலம். ஆனால் பாதி ஆட்டம் நீங்கள், பாதி நான் என்று மட்டும் வேண்டாம். அது இரண்டு பேருக்கும் கெடுதல்.

---

மஞ்சள் கொடி

தம்பி, அந்த ஒரு நொடி எல்லோருக்கும் வரும். வெளியே சொல்கிறவர்கள் கம்மி.

---

பதிமூணாம் நம்பர்

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்து இரண்டு தடவை படித்தேன்.

தம்பி, நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் நின்றவர் வராமல் போன வாரங்களில் நானும் தினமும் போய் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்ப்பேன். எரியாவிட்டால் வருத்தமும் இருக்கும், இன்னொன்றும் இருக்கும். அந்த இன்னொன்றை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்கோர்போர்டு சொன்னதைத்தான் அதிகமாக யோசித்தேன். எனக்கு 2008 வராது, சரிதான். ஆனால் அக்கா எழுதிய 2004 வரலாம் இல்லையா? தோற்றதைவிட ஜெயித்தது அதிகமாக இருந்தபோதே பையனிடம் கொடுத்த வருடம். வார்னர் வாழ்க்கையில் யாரும் பெரிதாகப் பேசாத சீசன் அது. ஒன்பது ஆட்டம். எனக்கு அது போதும், ஒன்பதுகூட வேண்டாம்.

இப்போது அட்டவணையைத் திறந்து முடித்துவிட்டேன். கை பலத்தில் வெட்டை வாங்கிக்கொண்டேன், கொஞ்சம் வேகத்திலும். துல்லியத்தையும் ஆட்ட அறிவையும் தொடவில்லை. நீளமாக எறிய முடியாது, ஆனால் மூன்றாவது டவுனில் (மூன்றாவது முயற்சி) ஆறு யார்டு வேண்டுமென்றால் இன்னும் எறிவான். மேனேஜருக்கு எழுதிவிட்டேன்: வரும் சீசனில் இரண்டாவது குவார்ட்டர்பேக் நான். முதல் இடம் உனக்கு. பாதிப் பாதி கிடையாது.

ஒரு வேலை பாக்கி. உன் அட்டவணையைப் பார்த்தேன், ஆட்ட அறிவில் ரொம்பக் குறைவாகப் போட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் கை பலத்தில் கொட்டியிருக்கிறாய். நானும் முதல் வருடம் அதே தப்பைத்தான் செய்தேன், எனக்கு முன்னால் நின்றவர்தான் திருத்தினார். நாளைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வா, இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றுவோம்.

---

இரண்டாம் வரிசை

வருகிறேன் அண்ணா. எட்டரைக்கே வந்துவிடுகிறேன்.

---

சோளக்காடு

திங்கள் ஆட்டம் எனக்கு ஞாயிறு சாயங்காலம். இணைப்பை இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.